ஏடறியாதார்க்கும் ஆசிரியர்: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

நூலைக் கற்போர் அதனை இயற்றியவர் யாவர் என அட்டையைப் புரட்டியேனும் அறிந்துகொள்வர். பாட்டின் நிலை அத்தகையதன்று. கேட்டார் செவி குளிர்ந்து, பாடினாரைப் புகழ்ந்து வீடு செல்வர். அப்பாட்டை யாத்தவர் யாவர் என வினவுவோர் மிகச் சிலரே. வாய்க்கு வாய் தாவி, ஊருக்கு ஊர் சென்று, கடலையும் கடந்து வாழும் பாட்டு, தன்னைப் பெற்ற தந்தையின் பெயரை இடைவழியிலேயே தவறவிட்டுவிடுகின்றது. அங்ஙனம் பெயர் தவறிப்போன தந்தையருள் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குத் தமிழ்ப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு நம்மைக் கேட்டனர். வள்ளுவரும் கம்பரும் பாரதியாரும் ஆறுமுக நாவலரும் இத்தகைய மலர்கள் பலவற்றை அணிசெய்தவர்களே. ஆயினும் நம் உள்ளம் சுவாமிகளையே நாடியது. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் பதுளையை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில் நாம் வள்ளி கதையைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். தினைப்புனம், பரண், கவண் என்னும் சொற்கள் பாடத்தில் வந்தன. மலைச்சரிவில் தேயிலையையன்றி வேறு பயிரைக் கண்டறியாத பிள்ளைகளுக்கு அவை விளங்கவில்லை. அகராதியின் துணைகொண்டு நாம் பொருள் கூறினோம். பிள்ளைகள் எழுதிக்கொண்டனரேயன்றி உணர்ந்தாரல்லர். மறுநாள் மாணவி ஒருத்தி எழுந்து, பரண் எத்துணை உயரம், கவண் எவ்வாறு சுழலும், பறவையை ஓட்டும் குரல் எவ்வாறு எழும் என்பவற்றைக் கைகளாலும் குரலாலும் விளக்கிக் காட்டினாள். கற்பித்தவர் தன் அப்பாயி என்றும் கூறினாள்.

அம்மூதாட்டியாரை லயத்துக் காம்பராவிற் சென்று கண்டோம். சம்பளப் பதிவேட்டிற் பெருவிரல் ஒற்றியே காலங் கழித்தவர் அவர். தினைக்கதிரை ஒருகாலும் கண்டவரல்லர். இளமையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியப் பார்த்த வள்ளி திருமண நாடகமே அவருக்குப் பள்ளிக்கூடமாய் இருந்தது. அதன் பாடல்கள் பலவற்றைத் தாளம் தவறாமற் பாடினார். இயற்றியவர் பெயரை மட்டும் அவர் அறியார். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நமக்கு அன்று நாணமும் வியப்பும் ஒருங்கே எழுந்தன. பள்ளி வாயிலை மிதியாத ஓர் அம்மையாருக்குத் தமிழ் கற்பித்த அப்பெருமகனாரின் வரலாற்றை எழுதுவது நம் கடன் என அன்றே துணிந்தோம்.

பிறப்பும் கல்வியும்

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை, அன்னையார் பேச்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் இராமகாதையில் நிறைந்த புலமை உடையவர். அதனால் இராமாயணப் புலவர் எனப் பாராட்டப்பெற்றவர். மைந்தருக்கு முதலாசிரியராய் அமைந்தவரும் அவரே.

வீட்டிற் பெற்ற தமிழ் போதாதெனக் கண்ட சங்கரனார், பழனிக்குச் சென்று தண்டபாணி சுவாமிகளிடம் பாடங் கேட்டார். பிற்காலத்தில் நாடகப் பாடல்களாற் புகழ்பெற்ற உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருடன் பயின்ற ஒருசாலை மாணாக்கர். பதினாறு வயது நிரம்புமுன்னரே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் இயற்றும் ஆற்றல் சங்கரனாருக்குக் கைவந்தது.

தமிழ்ப் புலமை அக்காலத்திற் சோறு போடும் தொழிலன்று. ஆகவே அவர் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராய் அமர்ந்தார். பகலில் உப்பு மூட்டையை எண்ணுவதும் இரவில் சீரும் தளையும் எண்ணுவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. உள்ளம் இரண்டில் ஒன்றையே நாடிற்று. 1891ஆம் ஆண்டு, தம் இருபத்துநான்காம் வயதில், கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

அந்த ஆண்டு வேறொரு வகையாலும் நினைவிற் கொள்ளத்தக்கது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவியதும் 1891இலேயே. வழக்கறிஞரும் அரசாங்க அலுவலரும் ஆகிய கற்றோர், ஓய்வு நேரத்திற் கலைக்காக நடித்த சபை அது. சங்கரனார் புகுந்த இடமோ வயிற்றுக்காக இரவெல்லாம் ஆடிப்பாடும் தொழில்முறைக் கூத்தர் நடுவில். அவரைக் கூத்தாடி என இகழ்ந்து, இருக்கை நல்கவும் பெண் கொடுக்கவும் மறுத்தது அற்றை உலகம். கற்ற தமிழைக் கொண்டு அவ்விடத்திற் புகுவதற்குப் பெருந்துணிவு வேண்டும். ஒரே ஆண்டில் இரு கதவுகள் திறந்தன; ஒன்று கற்றோர்க்கு, மற்றொன்று கல்லாதார்க்கு.

வேடங் களைந்தமை

தொடக்கத்தில் சுவாமிகள் நடிகராகவே விளங்கினார். உயர்ந்த உருவமும் கணீரென்ற குரலும் படைத்த அவருக்கு இராவணன், இரணியன், எமதருமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களே பொருந்தின. அவர் மேடையில் தோன்றுங்கால் சிறுவர் தாயின் மடியில் முகம் புதைப்பர் என்பர்.

அத்திறமையே அவருக்குத் துன்பமாயும் முடிந்தது. ஒருநாள் இரவெல்லாம் சனீசுவரனாய் நடித்தபின், வைகறையில் வேடத்தைக் கழுவுதற்பொருட்டு நீர்நிலைக்குச் சென்றார். இருள் பிரியாத அந்நேரத்தில் அங்கு வந்த பெண் ஒருத்தி, கரிய உருவத்தைக் கண்டு நடுங்கி வீழ்ந்தாள், வீழ்ந்தவள் எழுந்திலள். பிறிதொருகால் சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாய்த் தோன்றி முழங்கியபோது, அவையிலிருந்த சூலுற்ற மங்கை ஒருத்திக்குக் கருச் சிதைந்ததாகவும் கூறுவர்.

பிறராயின் இதனைத் தம் நடிப்பின் வெற்றியென்றே பறைசாற்றியிருப்பர். சுவாமிகள் அங்ஙனம் செய்திலர். தம் கலையால் ஓர் உயிர் நீங்கியது என்னும் எண்ணம் அவர் நெஞ்சை அறுத்தது. அன்றோடு வேடம் புனைவதை விட்டார். கதையைத் தொடங்கிவைக்கும் சூத்திரதாரராகவும், நாடகங்களை எழுதிப் பயிற்றும் ஆசிரியராகவும் மட்டும் விளங்கலானார். தமிழ் நாடகத்திற்குக் கிட்டிய பெரும் பேறு இத்துயரின் வழியாகவே வந்தது. அவர் நடிகராகவே இருந்திருப்பின், அவர் குரல் அவரோடு அடங்கியிருக்கும். மேடையைத் துறந்தமையால் அன்றோ அவர் பாட்டு ஆயிரமாயிரம் குரல்களிற் புகுந்தது!

துறவும் மீட்சியும்

சாமி நாயுடு என்பாரின் நாடக சபையில் ஆசிரியராய் இருந்த காலத்தில் அவர் உள்ளம் உலகியலில் வெறுப்புற்றது. மணம் புரியாத அவர் காவி உடுத்துத் தலயாத்திரை மேற்கொண்டார். சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது இவ்வாறே.

நாடகம் அவரை விட்டபாடில்லை. புதுக்கோட்டையில் கஞ்சிரா வாத்தியத்துக்குப் பெருமை தேடித் தந்த இசைமேதை மான்பூண்டியா பிள்ளை அவரை எதிர்கொண்டு, தம் மனையில் இருத்திப் போற்றினார். தம் தத்துப் பிள்ளையாகவே கொண்டார் என்றும் கூறுவர். தாள நுட்பம் அனைத்தையும் சுவாமிகள் அங்கே ஐயமறக் கற்றார். புலவருக்கு யாப்பு வேண்டும். நாடகப் புலவருக்கு யாப்போடு லயமும் வேண்டும். சந்தம் ஏட்டிற் சரியாயிருந்து மேடையில் நொண்டுமாயின் பயனில்லை. மிருதங்கக்காரர் எங்கே அடி விழவேண்டுமென எதிர்பார்ப்பாரோ, அங்கே சொல் விழுமாறு பாட்டமைக்கும் வன்மை சுவாமிகளுக்கு வாய்த்தது புதுக்கோட்டை வாசத்தாலேயே எனலாம். மான்பூண்டியா பிள்ளையின் வேண்டுகோளால் அவர் மீண்டும் நாடகப் பணிக்குத் திரும்பினார்.

பாட்டும் பக்கவாத்தியமும்

சுவாமிகளின் நாடகத்தைப் பாட்டினின்று பிரித்து நோக்குதல் இயலாது. வெண்பா, விருத்தம், கீர்த்தனை, கண்ணி, சிந்து, கும்மி, தெம்மாங்கு ஆகிய யாவும் அவர் கையில் நாடகத்தின் நாவாயின. அரசன் விருத்தத்திற் பேசுவான். தோழியர் கும்மியில் நகையாடுவர். வேடன் தெம்மாங்கில் வருவான். பார்சி நாடகக் குழுவினர் வடநாட்டிலிருந்து கொணர்ந்த மெட்டுகளும் அக்காலத்தில் மக்களைக் கவர்ந்தன. சுவாமிகள் அவற்றை வெறுத்தொதுக்கவில்லை. அந்த வர்ணமெட்டுகளில் செந்தமிழைப் பெய்தார். மேலைநாட்டிலிருந்து வந்த ஆர்மோனியம் பெட்டியையும் அந்நியமென நீக்காது, மேடையின் ஓரத்தில் மிருதங்கத்தோடும் தாளத்தோடும் அமர்த்தினார் அற்றை நாடகக்காரர். ஆர்மோனியக்காரர் சுருதி மட்டும் தருபவரல்லர். பின்பாட்டுப் பாடி நாடகத்தையே நடத்திச் செல்பவர்.

ஸ்பெஷல் நாடகம் எனப்பட்ட முறையும் ஈண்டு விளக்கத்தக்கது. இராஜபார்ட் ஓர் ஊரினர். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரினர். பபூன் வேறோர் ஊரினர். மூவரும் அன்று மாலைதான் ஒருவரையொருவர் காண்பர். ஒத்திகை கிடையாது. ஆயினும் இரவு பத்து மணி தொடங்கி விடியும்வரை நாடகம் தடையின்றி நிகழும். இது எவ்வாறு இயன்றது? சுவாமிகள் எழுதிய பாடமும் பாட்டும் அனைவர்க்கும் பொதுச்சொத்தாய் இருந்தமையாலேயே இயன்றது. இன்ன பாட்டுக்கு இன்ன விடைப்பாட்டு என்பதை நடிகரும் அறிவர், ஆர்மோனியக்காரரும் அறிவர், முன்வரிசையில் அமர்ந்த கிழவரும் அறிவர். ஒருவர் எழுதிய பாட்டு, ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கான கலைஞரை ஒரு குழுவாக்கிற்று. இதனினும் பெரிய இசைக்குழுத் தலைமை வேறு உண்டோ?

அவர் பாடல்களின் உள்ளீடும் எளியதன்று. திருக்குறள், நாலடியார், மூதுரை முதலியவற்றின் கருத்துக்களை உரையாடலிலும் பாட்டிலும் இடம்நோக்கி இழைத்தார். வள்ளியும் முருகனும், அல்லியும் அர்ச்சுனனும் தருக்கமிடும் இடங்களில், நூல் பல கற்றார் பேசும் பொருள் கேட்போர் செவியிற் புகும். குறளைக் கண்ணாற் கண்டறியாத உழவனும் கூலியாளும் அதனை இரவோடிரவாகக் கேட்டு நெஞ்சிற் பதித்தனர்.

அவருடைய சொல்வன்மைக்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறுவர். கோவலன் நாடகம் மதுரையில் நடந்தபோது, பாட்டின் ஓரடி அந்நகரத்து மக்களைப் பாவியர் எனப் பழிப்பதாகக் கருதி அவையோர் சினந்தெழுந்தனர். சுவாமிகள் மேடைக்கு வந்தார். அச்சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, திருமகளும் கலைமகளும் மலைமகளும் ஒருங்கு உறையும் நகரம் எனப் பொருள் உரைத்தார். சினந்த அவை கைகொட்டி மகிழ்ந்தது. இது வெறும் சொல்விளையாட்டு எனக் கருதுவாரும் உளர். ஆயினும், நாடகம் பார்க்க வந்த பொதுமக்கள் சொற்பிரிப்பில் மனம் நிறைந்தனர் என்பது, அவர்களை அவர் எத்துணை உயர்ந்த மாணாக்கராக்கி வைத்திருந்தார் என்பதைக் காட்டுகின்றது.

பாலர் சபை

வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் ஆகியோர் நடத்திய சபைகளில் ஆசிரியராய் இருந்தபின், 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் பெயரால் தாமே ஒரு சபையைத் தோற்றுவித்தார். பின்னாளில் இசைவானில் ஒளிர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா இளஞ்சிறுவராய் அங்கே பயின்றார். மதுரை மாரியப்ப சுவாமிகளும் அச்சபையின் மாணாக்கரே.

முதிய நடிகரோடு பழகிய சுவாமிகளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. மதுவுண்டு மேடையேறுவோரும், எழுதிய பாடத்தை விட்டுத் தம் விருப்பம்போற் பேசுவோரும், உடன் நடிப்போரை அவைநடுவே தலைகுனியச் செய்து மகிழ்வோரும் அவருள் இருந்தனர். கலை சீர்ப்படவேண்டுமாயின் இளமையிலேயே கட்டுப்பாடு ஊட்டல் வேண்டும் என்று அவர் கருதினார். அதன் பயனாக 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. டி. கே. எஸ். சகோதரர் எனப் பின்னர்ப் புகழ்பெற்ற டி. கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தனர். அப்போது சண்முகத்துக்கு வயது ஆறு.

அங்கே சிறுவர் எழுத்தறிவும் இசையும் உச்சரிப்பும் நாள்தோறும் பயின்றனர். லகர ளகர ழகர வேறுபாடு பிசகுமாயின் சுவாமிகள் பொறார். சினம் மிகுந்தவர், அடிக்கவும் செய்வார், ஆயினும் மறுகணமே அச்சிறுவனை அணைத்துக்கொள்வார் என அவர் மாணாக்கர் எழுதியுள்ளனர். இதனை நாம் முழுவதும் போற்றுதற்கில்லை. தாய் தந்தையரைப் பிரிந்து, இரவெல்லாம் விழித்து, ஊர் ஊராய் அலைந்த பாலர் சபைச் சிறுவர்கள் தம் குழந்தைப் பருவத்தையே விலையாகக் கொடுத்தனர். ஆசிரியர் தொழிலில் இருக்கும் நாம் அதனை மறைத்தல் முறையன்று. எனினும் வேறு பள்ளி கிட்டாத ஏழைச் சிறுவர் பலருக்கு அச்சபையே பள்ளியாகவும் இருந்தது என்பதும் உண்மை.

சண்முகத்தின் திறங்கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவருக்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை எழுதினார். மாலையில் விளக்கேற்றி எழுதத் தொடங்கியவர், விடியுமுன் உரையாடலும் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் அடங்க நாடகத்தை முடித்தார். அடித்தல் திருத்தல் இன்றி அமைந்தது அக்கையெழுத்து என்பர். அவர் இயற்றியவை ஏறத்தாழ அறுபத்தெட்டு நாடகங்கள் எனக் கணக்கிடுவர். அவற்றுட் பல இன்று கிட்டவில்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, சத்தியவான் சாவித்திரி, கோவலன், சதி சுலோசனா, இலவகுசா, நல்லதங்காள், பிரகலாதன் முதலியவை பெரிதும் வழங்குவன. வடமொழி மிருச்சகடிகத்தையும் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலைன் ஆகியவற்றையும் அவர் தமிழ் மேடைக்கு ஆக்கினார்.

கடல் கடந்த பாட்டு

சுவாமிகள் பிறந்த சிற்றூருக்கு அருகிலுள்ள தூத்துக்குடித் துறைமுகம் நம் முன்னோர்க்கும் அறிமுகமானது. அங்கிருந்து கப்பலேறிக் கொழும்பில் இறங்கிக் கண்டிச் சீமைக்கும் ஊவாவுக்கும் வந்த தொழிலாளர் பல்லாயிரவர். கங்காணி கணக்கெழுதிய கடனைத் தலையிற் சுமந்து வந்த அவர்கள், நெஞ்சிற் பாட்டையும் சுமந்து வந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியபின் வருகை இன்னும் எளிதாயிற்று. 1924இல் இருப்புப் பாதை பதுளையை எட்டியது.

தமிழகத்து நாடகக் குழுக்களும் இவ்வழிகளால் இலங்கைக்கு வந்தன. 1926ஆம் ஆண்டில் கொழும்பு மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்தனர். மறு ஆண்டில் அவர்கள் மணவாழ்விலும் இணைந்தனர். சுவாமிகளின் மாணாக்கர் ஒருவர் வாழ்க்கைத் துணையைக் கண்டது நம் நாட்டு மேடையில் என்பது நமக்கும் பெருமையே.

யாழ்ப்பாணத்தில் இந்நாடகங்கள் வேரூன்றி இசைநாடகம் என்னும் தனி மரபாய் வளர்ந்தன. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அதனை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஒளிகுன்றாது காத்தார். சிங்கள மேடையிலும் இதே காற்று வீசியது. பார்சி மெட்டுகளைத் தழுவிச் சிங்களத்தில் நூர்த்தி என்னும் பாட்டு நாடகங்களை எழுதிய ஜோன் டி சில்வா, சுவாமிகளின் காலத்தவர். இருவரும் மறைந்தது 1922ஆம் ஆண்டிலேயே. மொழியால் வேறுபட்ட இரு மக்கள் ஒரே காலத்தில் ஒரேவகை மெட்டுகளில் தத்தம் பழங்கதைகளைப் பாடினர் என்பது இன்று நினைந்து பார்க்கத்தக்கது.

ஊவாத் தோட்டங்களில் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் தொழிலாளர் தாமே ஆடிய கூத்துக்கள். அவற்றோடு வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களும் திருவிழாக் காலங்களில் ஏறின. தோட்டத்து இளைஞரே வேடம் புனைந்தனர். ஒரு பாட்டுப் புத்தகம் இருந்தாற் போதும். எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, எழுத்தறியாத பத்துப்பேர் கேட்டு மனனம் செய்தனர். பகலெல்லாம் கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் களைத்தோர், இரவிற் பெற்றோமக்ஸ் விளக்கொளியில் அரசராகவும் அரசியராகவும் விளங்கினர். மறுநாள் விடியலிற் பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடும்போது அரசர் மீண்டும் கூலியாளரானார். ஆயினும் பாடிய தமிழை எவராலும் பறிக்க இயலவில்லை.

இவற்றுள் வள்ளி திருமணம் ஊவா மக்களுக்குத் தனியுரிமை உடையது. வள்ளியம்மை வாழ்ந்த மலைச்சாரலாகப் போற்றப்படும் கதிர்காமம் இம்மாகாணத்திலேயே உள்ளது. பதுளையிலிருந்து மலையிறங்கி மாணிக்க கங்கையில் நீராடச் செல்லும் அடியார்க்கு அக்கதை பக்கத்து ஊர்க் கதை. மலைச்சரிவில் தனியே நின்று புனங்காக்கும் குறமகளைக் கண்டபோது, மலைச்சரிவில் கூடை சுமந்து நின்ற பெண்கள் தம்மையே கண்டனர். கீழ்நிலை மக்கள் எனப்பட்ட வேடர் குலத்துப் பெண்ணைத் தேவர் தலைவன் வேடந்தாங்கி வந்து, பணிந்து, இரந்து மணக்கின்றான். உயர்ந்தோர் தம்மை ஏறெடுத்தும் பாராத லயங்களில் வாழ்ந்தோர்க்கு அக்காட்சி பெரும் ஆறுதலன்றோ?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நம் மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென இரு அரசுகளும் முடிவு செய்தன. ஒரே லயத்தில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாய்ப் பிரிந்தனர். எந்த நாட்டார் என்னும் வினாவுக்கு அவர்களிடம் தாளில் எழுதிய விடை இல்லாத காலத்தும், எந்த மொழியார் என்னும் வினாவுக்கு விடை அவர்கள் நாவில் இருந்தது. அதனை அங்கே காத்தவருள் சுவாமிகளும் ஒருவர்.

நா அடங்கிய காலம்

ஆயிரம் நாவுக்குப் பாட்டளித்த அப்பெரியார்க்கு இறுதியில் நேர்ந்தது எண்ணுதற்கும் அரியது. 1921ஆம் ஆண்டளவில் பக்கவாத நோய் அவரைப் பற்றியது. எழுதிய கை செயலற்றது. பேசிய நா குழறியது. அடித்தல் திருத்தல் இன்றி ஓரிரவில் நாடகம் எழுதியவர் ஒரு சொல்லையும் தெளிவுறக் கூறமாட்டாதவரானார். ஆயினும் சபையை விட்டுப் பிரிந்தாரல்லர். சிறுவர் பாட அவர் கேட்டிருந்தார். தமக்கு வாராத சொற்கள் தம் மாணாக்கர் வாயிற் பிழையின்றி வருவதைக் காண்பது அவருக்குத் துயரோ மகிழ்வோ, அவரே அறிவார்.

1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் நாள், திங்கட்கிழமை இரவு, சபை தங்கியிருந்த புதுச்சேரியில் அவர் உயிர் நீத்தார். அகவை ஐம்பத்தைந்து. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது. வீடில்லை, மனையில்லை, மக்களில்லை. பெற்ற பொருளனைத்தும் சபைக்கே செலவாயிற்று. நாடகங்களும் அச்சிட்டோர் கையிலும் பாடினோர் வாயிலுமாய்ச் சிதறிக்கிடந்தன.

நன்றி மறவாத மாணாக்கர் அவருக்கு வாய்த்தனர். அவ்வை டி. கே. சண்முகம் அவர்கள் தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதியும், மேடைதோறும் பேசியும், அப்பெயரை நிலைநிறுத்தினார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்னும் பட்டம் இன்று சுவாமிகளுக்கே உரியதாய் வழங்குகின்றது. மதுரையில் அவருக்குச் சிலை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கூத்தாடி என்று இகழப்பட்டவரின் பெயர் பல்கலைக்கழக வாயிலில் ஏறியது காலம் செய்த நீதி.

எஞ்சியது யாது?

குறைகூறுவாரும் உளர். சுவாமிகள் புராணக் கதைகளைக் கடந்து தம் காலத்து வாழ்வை எழுதினாரில்லை என்பர். பெண்ணின் பெருமையைக் கணவனுக்கு அடங்கும் கற்பு ஒன்றிலேயே கண்டார் என்பர். பாட்டு மிகுந்து நடிப்பைத் தின்றது என்பர். இக்கூற்றுக்களில் உண்மை உண்டு. உரைநடை நாடகத்தை வளர்த்த சம்பந்த முதலியாரும், நாடக இலக்கணம் வகுத்த பரிதிமாற் கலைஞரும் வேறு வழிகளைக் காட்டினர். அவ்வழிகளும் தமிழுக்கு வேண்டியனவே. ஆயினும் அவ்வழிகள் படித்தோர் வீதியில் நின்றன. படியாதோர் வீதிக்குத் தமிழை எடுத்துச் சென்றவர் சுவாமிகள்.

பேசும் படம் வந்தபோதும் அவர் விதைத்ததே முதலில் முளைத்தது. 1933இல் வள்ளி திருமணமும் 1934இல் பவளக்கொடியும் திரையில் வந்தன. பின்னர் அத்திரையே மேடையை விழுங்கிற்று. வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, இன்று உள்ளங்கையளவு கருவியில் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கின்றது. தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்ப்போர் அருகிவிட்டனர். பாட்டைப் பாடிக்காட்டும் மூதாட்டியர் ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். நாம் மேலே கூறிய அம்மையாரும் இன்று இலர். அவர் பாடியவற்றை எழுதி வைக்க வேண்டுமென எண்ணினோம்; அடுத்த விடுமுறை, அடுத்த விடுமுறை என நாட்களைக் கடத்தினோம். ஒரு மார்கழியில் மலைமழை விடாது பெய்த வாரத்தில் அவர் காலமானார். நம் குறிப்பேட்டில் எஞ்சியிருப்பன நான்கைந்து பாடல்களின் தொடக்கங்களே. இப்பிழை நம்முடையது, பிறர்மேல் ஏற்றுதற்கில்லை.

ஆகவே இம்மலரைப் படிக்கும் பழைய மாணவராகிய அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களுட் பலர் மருத்துவராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் உயர்ந்துள்ளீர். உங்கள் பாட்டன் பாட்டியர் பெரும்பாலோர் பள்ளியைக் கண்டவரல்லர். ஆயினும் அவர்கள் தமிழறியாதவர் எனக் கருதற்க. அவர்களுக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் நடத்திய வகுப்பு இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடிந்தது. கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை. அடுத்தமுறை ஊர் செல்லுங்கால், வீட்டில் முதியோர் எவரேனும் எஞ்சியிருப்பின், அருகமர்ந்து அவர் அறிந்த பாட்டைக் கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். பாடி முடித்தபின், அதனை இயற்றியவர் பெயரை அவருக்குச் சொல்லுங்கள். அவர் தந்த பாட்டுக்கு நாம் திருப்பித் தரக்கூடியது அந்தப் பெயர் ஒன்றே.

வாழ்க சுவாமிகள் புகழ்! வளர்க நாடகத் தமிழ்!